கொள்முதல் நிலையத்து ஜன்னலில் வசந்தி மேடம்

எல்லோரும் சௌக்கியமா? உங்கள் பக்கம் தாளடி அறுப்பு எந்த மட்டில் இருக்கிறது? சாக்கு வந்துவிட்டதா, இல்லை இன்னும் லாரிக்குத்தான் காத்திருக்கிறீர்களா? இடுப்பு, முதுகு எல்லாம் சொன்னபடி கேட்கிறதா? என் முதுகைப் பற்றிக் கேட்காதீர்கள். அது தனிக் கதை, ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. சாப்பாட்டு நேரத்தில் நிலையத்து வாசலிலேயே உட்கார்ந்து நான் பேசப் பேச, சோறு கொண்டுவந்த என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை நாலு பேர் படிக்கிற தமிழாக ஆக்குவது அவள் பொறுப்பு. வசந்தி மேடத்தைத் தெரிந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், பட்டியல் எழுதுகிறவர்கள், காவல் இருக்கிறவர்கள், நெல்லைக் கொட்டிவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற விவசாயிகள் எல்லோரும் கேளுங்கள்.

செய்தி வந்தபோது என் முதுகில் மூட்டை இருந்தது. எடை போடும் இடத்திலிருந்து மூட்டை அடுக்குகிற இடத்துக்குப் பதினைந்து எட்டு. பாதி வழியில் காவல்காரர் தங்கராசு போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துச் சொன்னார்.

“முருகையா, நம்ம வசந்தி மேடம் போயிட்டாங்களாம்ப்பா. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில. காலையில ஆறு மணிக்காம்.”

“எந்த வசந்தி?” என்று கேட்டேன்.

எங்கள் நிலையத்தில் ஒரே ஒரு வசந்திதான். ஆனாலும் நாற்பது கிலோவைச் சுமந்துகொண்டு நின்று அப்படிக் கேட்டேன். மிச்சமிருந்த எட்டுகளை நடந்து, மூட்டையை அதன் இடத்தில் சரியாக வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் அன்றைக்கு எழுந்து அடுத்த மூட்டையைத் தூக்கவில்லை.

நாற்பத்து மூன்று வயது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பருவகாலப் பட்டியல் எழுத்தராக எங்களிடம் வந்தவர். அறுப்பு நடக்கும் மாதங்களில் மட்டும் வேலை, அடுத்த பருவத்துக்குக் கூப்பிட்டால் உண்டு. மன்னார்குடிக்குக் கிழக்கே, பாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் ஊர். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே வயலில் நாற்றுப் பறித்தவர்கள். அந்தத் தெருவில் முதல் டிகிரி அவருடையது. மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணே என்பார்.

அவர் உட்கார்ந்திருந்த அறையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தகரக் கூரை, கம்பி போட்ட ஒரு ஜன்னல். உள்ளே அவர். வெளியே ஊர். இன்றைக்குச் சாக்கு இல்லை, லாரி வரவில்லை, கம்ப்யூட்டரில் கைரேகை விழவில்லை, நெல்லில் ஈரம் அதிகம் என்று எல்லாச் செய்தியும் அந்தக் கம்பிக்கு இடையில்தான் வெளியே வரும். அதில் ஒன்றும் அவர் எடுத்த முடிவு இல்லை. மேலே யாரோ முடிவு செய்வார்கள், வெளியே நிற்கிறவர்கள் கோபப்படுவார்கள். நடுவில் இந்தப் பெண் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மேலதிகாரி ஒருமுறை வந்து அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்: “விவசாயி என்ன பேசினாலும் நீங்க சிரிச்ச முகமா இருக்கணும்மா.”

வந்த புதிதில் ஒருநாள் காலையில் வெற்றுச் சாக்குக்கட்டை உள்ளே வைக்கப் போனேன். ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. உள்ளே அவர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். “வாங்க, உட்காருங்க. இன்னைக்குச் சாக்கு வரலீங்க. நாளைக்கு வந்துரும்ங்க.” கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் அதையே வேறு மாதிரி சொன்னார். எதிரே காலி நாற்காலி.

“யாருகிட்ட மேடம் பேசுறீங்க?”

அவருக்கு வெட்கமாகிவிட்டது. “குரலைப் பழக்குறேண்ணே. மொத ஆளுகிட்ட ஒசந்துருச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் எறங்காது.”

“நல்லா பழக்குனீங்க போங்க. நாங்க மூட்டை தூக்குறோம், நீங்க ஃபேன் காத்துல உக்காந்து நாடகம் பழகுறீங்க.”

சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: “நீங்க தூக்குறத எறக்கி வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுறீங்கண்ணே. நான் தூக்குறத எங்க எறக்குறதுன்னுதான் தெரியல.” அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. படித்தவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அவர் நிஜமாகச் சிரித்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அறுத்த வயலில் மேய விடுவதற்காக வாத்து ஓட்டிக்கொண்டு வருவார்கள் அல்லவா? அப்படி ஒரு கூட்டம் ஒருநாள் சாலையைத் தாண்டி எங்கள் களத்துக்குள் புகுந்துவிட்டது. எத்தனை வாத்து என்று எண்ண முடியாது. ஒவ்வொரு நெல் குவியல் மேலும் ஏறி வாத்து. விவசாயிகள் துண்டை வீசுகிறார்கள், தங்கராசு கம்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறார், வாத்துக்காரர் எல்லோரையும் கும்பிட்டபடி ஓடுகிறார். மேடம் கையில் கிடைத்த பேரேட்டோடு வெளியே ஓடிவந்து, “ஏ, போ! டோக்கன் வாங்காம எறங்குறியா?” என்று ஒரு வாத்தைப் பார்த்துக் கத்தினார். களமே நின்று சிரித்தது. அவர் பேரேட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஜன்னலில் நாங்கள் தினமும் பார்ப்பது வேறு சிரிப்பு என்று.

பல் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கடைவாய்ப்பல் ஒன்று பிளந்துவிட்டது. கரும்பு கடித்தீர்களா, எலும்பு கடித்தீர்களா என்று நாங்கள் கேலி செய்தோம். மன்னார்குடியில் பல் டாக்டர், “தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா?” என்று கேட்டாராம். “இல்ல டாக்டர், வேலை நேரத்துலதான்” என்று சொன்னாராம் இவர். எங்களிடம் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கோபத்தை வெளியே விடாமல் இறுக்கி இறுக்கிப் பல் பிளக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது. நாலு வருஷமாக என் வாயில் இருக்கிறது.

மாசி மாதம். களத்தில் நாற்பது குவியலுக்கு மேல் காத்துக் கிடந்தது. அதில் ஒன்று பக்கிரிசாமியுடையது. குத்தகை நிலம், ஒன்பது நாளாகக் காவல் கிடந்து காய வைத்த நெல். ஈரம் பார்க்கக் கையளவு நெல் எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. குவியலின் மேலே ஏறி, நடுவில் முழங்கை வரை கையை விட்டு எடுக்க வேண்டும், நாலு பக்கமும் எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் கலந்து கொடுக்க வேண்டும். அன்று காலை எனக்கு முதுகு பிடித்திருந்தது. ஏறவில்லை. நின்ற இடத்தில், குவியலின் அடிவாரத்தில் ஒரு பிடி அள்ளினேன். இரவெல்லாம் தார்ப்பாயில் விழுந்த பனி வழிந்து தேங்குகிற இடம் அது. அறுப்பு பார்த்த யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஈரம் பார்க்கிற மீட்டர் இருபத்தொன்று சதவீதம் காட்டியது. பதினேழைத் தாண்டினால் வாங்கக்கூடாது.

“ஒம்போது நாளு காஞ்ச நெல்லும்மா! இருபத்தொண்ணா? யாரு வூட்டு மீட்டரு இது?” என்றார் பக்கிரிசாமி.

“இப்ப வெயில் நல்லா இருக்குண்ணே. பரப்பி விடுங்க. மூணு மணிக்கு மறுபடி நானே பாத்துடுறேன், இன்னைக்கே எடை போட்டுடலாம்” என்றார் மேடம், அந்தப் பழக்கின குரலில்.

அவர் சொன்னதை நம்பித்தான் பக்கிரிசாமி குவியலைக் கலைத்துப் பரப்பினார். இரண்டரை மணிக்கு மழை பிடித்தது. மாசியில் அப்படி ஒரு மழை. குவியலாக இருந்திருந்தால் தார்ப்பாய் காப்பாற்றியிருக்கும். பரப்பிக் கிடந்த நெல் எங்கள் கண் முன்னால் வாய்க்காலைப் பார்த்து ஓடியது. பக்கிரிசாமியும் அவர் சம்சாரமும் கையால் அணை கட்டினார்கள். நானும் மூன்று பேரும் ஓடி அள்ளினோம். எவ்வளவு அள்ள முடியும்?

சொட்டச் சொட்டப் பக்கிரிசாமி மேடத்தின் அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன்.

“எங்க வயல்ல நாத்துப் பறிச்சவ மவ, நீ எனக்கு ஈரம் பாக்குறியா?”

இடது காதோடு சேர்த்து ஒரு அறை. மேடத்தின் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. அவர் கத்தவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் தானாக ஒரு வார்த்தை சொன்னது: “உட்காருங்கண்ணே.”

அதைக் கேட்டுப் பக்கிரிசாமியே பயந்து வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலை நாங்கள் மூட்டை தூக்க மாட்டோம் என்று உட்கார்ந்தோம். பத்து மணிக்குள் வானம் மறுபடி கறுத்தது. நாற்பது குவியலும் வெளியில். காலையில் எங்களோடு உட்கார்ந்து, பாவம் அந்தப் பொண்ணு என்ற விவசாயிகளே மதியத்துக்குள், “எவ்வளவு நேரம்ப்பா இப்படி?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஜீப்பில் மேலதிகாரி வந்தார். மேடம் எழுதி வைத்திருந்த போலீஸ் புகாரை வாங்கிப் படித்துவிட்டு, மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். “சீசன் நேரம்மா. அனுசரிச்சுப் போங்க.”

பக்கிரிசாமி பக்கத்து ஆட்கள் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்துக் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். தட்டை வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்தது, அதற்குமேல் யாரும் பேசக்கூடாது. ஆனால் தட்டைக் கொடுப்பதற்கு முன்னால் மேடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். அவர் சொன்னார்: “மீட்டர்ல ஏதோ கோளாறு போல. மனசுல வச்சுக்காதீங்கண்ணே.”

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே நின்றார். கை நீளவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “சிரிச்ச மொகமா வாங்கிக்கங்க மேடம். நல்ல காரியம்.”

அந்தக் குரல் என்னுடையது.

அன்றிலிருந்து அவருக்கு ஊரில் ஒரு பெயர் விழுந்தது. பொய்யாக ஈரம் பார்த்தவள். அவரே ஒத்துக்கொண்டாரே என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, ஆளில்லாத நேரத்தில் அவரிடம் போனேன். “அடியில எடுத்தது நான்தான் மேடம். ஒங்களுக்குத் தெரியும்ல?”

“ஜன்னல்லேருந்து பாத்தேண்ணே.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா அந்த அடி ஒங்களுக்கு விழும். எனக்கு ஒரு அறையோட நின்னுச்சு. ஒங்களுக்கு அதோட நின்னுருக்குமா?” பேனாவை மூடி வைத்தார். “அந்தக் கைப்பிடி நெல்ல மறுபடி எடுத்துட்டு வாங்கன்னு நானும் ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும். கூட்டமா இருந்துச்சு. விட்டுட்டேன்.” எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனவர் திரும்பாமலே சொன்னார்: “நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளு பாத்தேண்ணே.”

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை.

இடது காதில் அவருக்கு ஓயாமல் வண்டு இரைகிற மாதிரி சத்தம் கேட்டது. யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக் கேட்பார். முகத்தைத் திருப்புகிறாள், திமிர் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். கொண்டுவந்த சோறு நாலு மணி வரை டப்பாவிலேயே இருக்கும். வாசலில் யார் குரலாவது உயர்ந்தால் இடது கையால் வலது கையை அழுத்திக்கொண்டு எழுதுவார். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை, தூக்கத்துக்கு மாத்திரை. ஓய்வு எடுக்கச் சொன்னார் டாக்டர். “ஓய்வெடுத்தா அடுத்த சீசனுக்குக் கூப்புட மாட்டாங்கண்ணே” என்றார் இவர். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே பேரேட்டின் மேல் சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நாலு நாள் நினைவு திரும்பவில்லை. அந்த ஒரு அறையால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். நானும் அப்படிச் சொல்லவில்லை. ஏழு வருஷம் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று, ஒரு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தவன் நான். அதை மட்டும் சொல்கிறேன்.

எடுக்கிற அன்று அவர் வீட்டு வாசலில் நல்ல கூட்டம். மேடத்தின் வீட்டுக்காரர் சேகர் ஆட்டோ ஓட்டுகிறவர். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கிரிசாமி மாலையோடு வந்திருந்தார். போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “தங்கமான பொம்பள. அந்த ஈர விஷயம் ஒண்ணுதான் கொஞ்சம் பிசகிப்போச்சு.”

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

“அந்தச் சாம்பிள எடுத்தது நான்” என்றேன். “அடியில, பனி ஈரத்துல எடுத்தேன். ஏறச் சோம்பல் பட்டு எடுத்தேன். மீட்டர் சரியாத்தான் காட்டுச்சு. மேடத்து மேல ஒரு தப்பும் இல்ல. அவங்களுக்குத் தெரியும், எனக்காக வாயத் தெறக்கல.”

பக்கிரிசாமி என்னைப் பார்த்தார். “இப்ப வந்து சொல்றியே முருகையா” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த நிமிஷம் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. மேடத்தின் பெயரைக் கழுவிவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது சேகர் பந்தல் காலை விட்டுவிட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“அவ மேல தப்பு இல்லன்னு சொல்றீங்க. சரிண்ணே. தப்பு இருந்திருந்தா? அவதான் தப்பா பாத்திருந்தான்னு வச்சுக்குவோம். அப்ப அந்த அறை சரியா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். நாலு வருஷமாக நாங்கள் எல்லோரும் ஈரம் இருபத்தொன்றா பதினேழா என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். மேடமும் அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அடித்த கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பக்கிரிசாமி சுடுகாடு வரைக்கும் வந்தார். கடைசி வரைக்கும் செருப்பில்லாமல், எல்லோருக்கும் பின்னால்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது என்ன என்று மருமகள் கேட்கிறாள். அப்படித்தான் முடிக்க வேண்டுமாம். அவருடைய ஒரு பொருளும் என்னிடம் இல்லை. “நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளு பாத்தேண்ணே” என்றாரே, அந்த இரண்டு நாள் என்னிடம் இருக்கிறது. அது யாருக்கும் கொடுக்கக்கூடியது இல்லை. சேகர் கேட்ட கேள்வி இருக்கிறது. அதுவும் மேடத்தின் சொத்துதான், வாழ்ந்தபோது அவர் கேட்க முடியாமல் போனது.

இன்னொன்றும் இருக்கிறது. மேடம் இடத்துக்குத் திருவாரூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். அவரும் இரண்டாம் நாளே சிரிக்கப் பழகிவிட்டார். மூட்டை தூக்குகிற நாங்கள் ஏழு பேரும் பேசி ஒரு முடிவு செய்திருக்கிறோம். ஜன்னலில் குரல் உயர்ந்தால், தூக்கின மூட்டையை அங்கேயே இறக்கிவிட்டுப் போய் எழுத்தருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சண்டைக்கு இல்லை, சும்மா நிற்க. கேட்க வேண்டியதை எங்களிடம் கேளுங்கள், ஈரத்துக்கு நெல் எடுத்தது இந்தக் கைதான் என்று சொல்ல வேண்டும். அப்படி முதல்முறை போய் நின்றபோது நானும் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஏழு வருஷம் அந்தப் பெண் தனியாக எப்படித்தான் அங்கே…

“முருகையா! ஓடியாப்பா, ஜன்னல்கிட்ட சத்தம் பெருசா இருக்கு!”

தங்கராசு கூப்பிடுகிறார். இந்தா, இதை இப்படியே வைம்மா, நான் போய் அவர் பக்கத்தில்